உள்ளே அடைப்பு, மேலே ஓட்டம்! - செஞ்சிக் கோட்டை மதில்போல ஒரு படிகம்... கல்பாக்கத்தில் கண்டது என்ன?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து ஓடும் கல் மதில். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் செஞ்சிக் கோட்டையை 'தேசிங்கு ராஜா கோட்டை' என்று சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1690-ல் முகலாயப் படை இதை முற்றுகையிட்டது. கோட்டை கைக்கு வந்தது 1698-ல். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்! கடந்த 2025 ஜூலையில், மராட்டிய ராணுவக் கோட்டைகள் பட்டியலில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யச் சின்னமாகவும் ஆகிவிட்டது செஞ்சி.

இப்போது ஒரு கற்பனை. இந்தக் கோட்டைக்குள்ளே யாருமே ஓர் அடிகூட நகர முடியாது. ஆனால், மதிலின் மேல் மட்டும் காவலர்கள் தடையில்லாமல் சுற்றி வரலாம். அப்படி ஒரு கோட்டை இருந்தால் எப்படியிருக்கும்?

உண்மையிலேயே இருக்கிறது. ஆனால், அது கோட்டை அல்ல. விரல் நகம் அளவுக்குப் பளபளக்கும் சாம்பல் நிறப் படிகம். உள்ளே மின்சாரம் பாயாது, மேற்பரப்பில் மட்டும் பாயும். இதன் பெயர், 'டோபாலஜிக்கல் இன்சுலேட்டர்'. கடந்த 20 ஆண்டுகளாக உலக இயற்பியலாளர்கள் துரத்திக்கொண்டிருக்கும் பொருள் இது. நம் கல்பாக்கத்திலும் இந்தப் படிகத்தை வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் அவர்கள் பிடித்தது, இந்தப் படிகத்தின் மிகப் பெரிய பலவீனத்தை.

தியேட்டரும் பால்கனியும்

செம்புக் கம்பியில் மின்சாரம் பாய்கிறது, பிளாஸ்டிக்கில் பாயவில்லை. ஏன்?

ஒரு தியேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் எல்லா சீட்டும் ஃபுல். யாராலும் இடம் மாற முடியாது. மேலே பால்கனி முழுக்கக் காலி. ஆனால், ஏறிப் போகப் படிக்கட்டு இல்லை. இதுதான் இன்சுலேட்டர். எலெக்ட்ரான்கள் இருக்கின்றன, நகர வழியில்லை. கீழ்த்தளத்துக்கும் பால்கனிக்கும் நடுவில் இருக்கும் இந்த உயரத்தை 'ஆற்றல் இடைவெளி' என்கிறார்கள். செம்பு போன்ற உலோகத்தில் கீழ்த்தளத்திலேயே பாதி சீட்டு காலி. அதனால் எலெக்ட்ரான்கள் தாராளமாக நகர்கின்றன.

உலகில் உள்ள பொருள்களை எல்லாம் கடத்தி, கடத்தாப் பொருள், இரண்டுக்கும் நடுவில் குறைகடத்தி எனப் பிரித்துவிடலாம் என்றுதான் பல காலம் நினைத்திருந்தார்கள். டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் இந்தப் பட்டியலில் அடங்கவில்லை. ஒரே பொருள், உள்ளே இன்சுலேட்டர், வெளியே கடத்தி. அதுவும் யாரோ மேலே உலோகப் பூச்சு பூசியதால் அல்ல, அதன் பிறவிக் குணமே அப்படி.

இட்லியும் மெதுவடையும்

'டோபாலஜி' என்பது கணிதத்தில் ஒரு பிரிவு. வடிவத்தை நீட்டலாம், வளைக்கலாம், அமுக்கலாம். ஆனால், கிழிக்கவோ ஒட்டவோ கூடாது. அப்போதும் மாறாமல் இருப்பது எது என்று பார்ப்பதுதான் அதன் வேலை.

நம் வீட்டுக் காலை டிபனிலேயே பாடம் இருக்கிறது. இட்லியில் ஓட்டை இல்லை. மெதுவடையில் ஒரு ஓட்டை. இட்லியை எவ்வளவு அமுக்கினாலும், குத்தாமல் அது வடை ஆகாது. ஓட்டை பூஜ்ஜியம் அல்லது ஒன்று. 'அரை ஓட்டை' என்று ஒன்று கிடையாது. அதனால்தான் இந்தக் குணம் லேசில் மாறாது.

2016-ல் இயற்பியல் நோபல் பரிசு டேவிட் தௌலஸ், டங்கன் ஹால்டேன், மைக்கேல் கோஸ்டர்லிட்ஸ் ஆகிய மூவருக்கும், டோபாலஜியைப் பருப்பொருளுக்குள் கொண்டுவந்ததற்காகக் கிடைத்தது. அறிவிப்புக் கூட்டத்தில் நோபல் குழு உறுப்பினர் ஒருவர் பையிலிருந்து பன், நடுவில் ஓட்டை உள்ள பேகல், இரண்டு ஓட்டை உள்ள பிரெட்ஸல் ஆகியவற்றை எடுத்துக் காட்டித்தான் விளக்கினார். நம் ஊராக இருந்திருந்தால் தட்டில் இட்லியும் வடையும் வந்திருக்கும்!

கனமான அணு செய்யும் வேலை

படிகத்துக்குள் ஓட்டை எங்கே இருக்கிறது? கண்ணுக்குத் தெரியும் ஓட்டை அல்ல இது. எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் உள்ள ஒரு முறுக்கு.

பிஸ்மத் என்ற தனிமத்தின் அணு எண் 83. மிகவும் கனமான அணு. கனமான அணுவின் கருவுக்கு அருகே எலெக்ட்ரான்கள் அதிவேகத்தில் சுற்றும். எலெக்ட்ரானுக்கு 'ஸ்பின்' என்ற குணமும் உண்டு. ஒவ்வொரு எலெக்ட்ரானையும் ஒரு குட்டி காந்த ஊசி என்று நினைத்துக்கொள்ளலாம். அந்த ஊசி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதுதான் ஸ்பின். கனமான அணுவில் எலெக்ட்ரானின் ஓட்டமும் ஸ்பின்னும் ஒன்றையொன்று பலமாகப் பாதிக்கும். அதன் விளைவாக, மேலே இருக்க வேண்டிய ஆற்றல் நிலை கீழேயும், கீழே இருக்க வேண்டியது மேலேயும் புரண்டுவிடுகின்றன. தியேட்டர் கணக்கில் சொன்னால், கீழ்த்தளமும் பால்கனியும் இடம் மாறிவிட்டன.

படிகத்துக்கு வெளியே இருப்பது காற்றோ வெற்றிடமோ. அங்கே இந்த முறுக்கு கிடையாது. உள்ளே முறுக்கு, வெளியே முறுக்கு இல்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் முறுக்கு அவிழ்ந்தே ஆக வேண்டும். அவிழும் இடத்தில் ஆற்றல் இடைவெளி மூடிக்கொள்கிறது. கீழ்த்தளத்துக்கும் பால்கனிக்கும் நடுவே ஒரு சாய்வுப் பாதை வந்துவிடுகிறது. அதில் எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன. அந்த எல்லைதான் மேற்பரப்பு.

செஞ்சிக் கோட்டைக்கும் இந்தப் படிகத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கோட்டை மதிலை இடித்தால், அங்கே காவல் போச்சு. படிகத்தை இரண்டாக உடைத்தால், உடைந்த முகமே புது மதில் ஆகிவிடும். அதுவரை கடத்தாமல் உள்ளே கிடந்த இடம், வெளியே வந்ததும் கடத்தத் தொடங்கும்!

கிரிவலக் கூட்டம்

செஞ்சிக்குப் பக்கத்து ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமி இரவில் கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும், எல்லோரும் ஒரே திசையில் நடப்பார்கள். வழியில் ஒரு தடுப்பு இருந்தால் கூட்டம் ஒதுங்கி, விலகி, மேலே போகும். வந்த வழியே நேராகத் திரும்பி நடப்பது மட்டும் முடியாத காரியம்.

படிகத்தின் மேற்பரப்பிலும் அப்படித்தான். அங்கே எலெக்ட்ரான் போகும் திசையும் அதன் ஸ்பின் பார்க்கும் திசையும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கின்றன. நேர் எதிர்த் திசையில் திரும்ப வேண்டுமானால், ஸ்பின்னும் தலைகீழாக வேண்டும். வழியில் உள்ள சாதாரண அழுக்கு, கீறலால் அதைச் செய்ய முடியாது. காந்தத்தன்மை உள்ள அழுக்கால்தான் முடியும். எனவே எலெக்ட்ரான் பக்கவாட்டில் விலகலாம், அப்படியே பின்னால் திரும்ப முடியாது.

நம் போன் சூடாவதற்கு ஒரு முக்கியக் காரணம், எலெக்ட்ரான்கள் வழியெல்லாம் மோதிச் சிதறுவது. எலெக்ட்ரான்கள் திரும்பி வராத பாதை ஒன்று கிடைக்கிறது என்றால் விஞ்ஞானிகள் சும்மா இருப்பார்களா?

வத்திராயிருப்பிலிருந்து டாக்கா வரை

அடுக்கு அடுக்கான படிகத்துக்குள் எலெக்ட்ரான் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்று முன்பே உண்டு. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். 1928-ல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது சர் சி.வி.ராமனுடன் தோளோடு தோள் நின்றவர். அதன்பின் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிகங்களின் காந்த குணம், திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று அங்கே அளக்கத் தொடங்கினார்.

பிறகு கொல்கத்தாவில், பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டைக் கையில் எடுத்தார். அது கார்பன் அணுக்களின் அடுக்குகளால் ஆனது. அடுக்கின் வழியாக மின்சாரம் சுலபமாகப் பாய்கிறது, அடுக்குக்குக் குறுக்கே பாய்வதில் மிகப் பெரிய தடை இருக்கிறது என்று 1939-ல் கிருஷ்ணனும் அவருடன் பணியாற்றிய கங்குலியும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

பல பத்தாண்டுகள் கழித்து, அதே டாக்காவில் பிறந்த ஜாகித் ஹசன் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பிஸ்மத்தும் ஆன்டிமனியும் கலந்த படிகம் முப்பரிமாண டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் ஆகலாம் என்று லியாங் ஃபூ, சார்லஸ் கேன் இருவரும் 2007-ல் கணித்தனர். 2008-ல் ஹசனின் குழு அதைப் பரிசோதனையில் காட்டியது. 2009-ல் அடுத்த வரவுகளாக பிஸ்மத் செலினைடும் பிஸ்மத் டெல்லூரைடும் வந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிஸ்மத் டெல்லூரைடு புதுப் பொருளே அல்ல. 1950-களிலிருந்தே தெரிந்த பொருள். கம்ப்ரஸர் இல்லாமல் காரில் வைக்கும் குட்டி ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் 'பெல்டியர் மாட்யூல்' இந்த வகைப் பொருளால்தான் ஆனது. அரை நூற்றாண்டாகக் கையில் இருந்த பொருளின் மேற்பரப்பை அந்தக் கண்ணோடு யாரும் பார்க்கவில்லை!

எலெக்ட்ரானுக்கு ஒரு போட்டோ

மேற்பரப்பில் மட்டும் ஓட்டம் இருக்கிறது என்பதை எப்படிப் பார்த்தார்கள்? ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் வெளியே தெறிக்கும். ஐன்ஸ்டைன் விளக்கி நோபல் பரிசு வாங்கிய ஒளிமின் விளைவு இதுதான். மிகத் துல்லியமான வெற்றிடத்துக்குள் படிகத்தை வைத்து, அங்கேயே அதன் மேல் அடுக்கை உரித்து, புதிய முகத்தில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். வெளியே வரும் எலெக்ட்ரான் என்ன கோணத்தில், எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்று அளந்தால், உள்ளே அது எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்ற வரைபடம் கிடைக்கும்.

அந்த வரைபடத்தில், காலியாக இருக்க வேண்டிய ஆற்றல் இடைவெளிக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி தெரிந்தது. கீழ்த்தளத்தையும் பால்கனியையும் இணைக்கும் அந்தச் சாய்வுப் பாதைதான் அது. இந்தப் பரிசோதனையைச் செய்யும் வசதி இந்தியாவிலும் உண்டு. மத்தியப் பிரதேசம் இந்தூரில் உள்ள 'இண்டஸ்-2' சின்க்ரோட்ரான் அதில் ஒன்று.

பரோட்டா மாதிரி அடுக்கு

இந்தக் குடும்பத்தில் செல்லப்பிள்ளை, பிஸ்மத் செலினைடு. செலினியம், பிஸ்மத், செலினியம், பிஸ்மத், செலினியம் என ஐந்து அணு வரிசைகள் சேர்ந்தது ஓர் அடுக்கு. அதன் தடிமன் சுமார் ஒரு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் அடுக்குகள்! அடுக்குக்குள் அணுக்கள் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிடிப்பு குறைவு. நன்றாகத் தட்டிய பரோட்டா மாதிரி, செல்லோ டேப்பை ஒட்டி இழுத்தாலே உரிந்து வந்துவிடும்.

இதன் ஆற்றல் இடைவெளி சுமார் 0.3 எலெக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தில் எலெக்ட்ரானுக்குக் கிடைக்கும் வெப்ப ஆற்றலைவிட இது 10 மடங்குக்கும் மேல். எனவே, கொள்கைப்படி சாதாரண வெப்பநிலையிலும் உள்ளே அடைப்பாகவே இருக்க வேண்டும். ஆனால், நிஜத்தில் நடந்தது வேறு.

படிகம் வளர்ப்பது எப்படி?

செய்முறை கேட்பதற்கு எளிது. 10 கிராம் படிகத்துக்கு 6.38 கிராம் பிஸ்மத், 3.62 கிராம் செலினியம். மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். இரண்டையும் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, வாயை உருக்கி மூடுவார்கள். காற்று இருந்தால் ஆக்சிஜன் புகுந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.

பிறகு உலையில் சுமார் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, எல்லாம் உருகிக் கலக்கும்வரை வைத்திருப்பார்கள். பொறுமை தேவைப்படுவது அதன்பின்தான். மணிக்கு இரண்டு, மூன்று டிகிரி என்ற கணக்கில் மெதுவாகக் குளிரவிட வேண்டும். பிஸ்மத் செலினைடு சுமார் 705 டிகிரியில் உறையத் தொடங்கும். அவசரப்பட்டால் அணுக்கள் தாறுமாறாக உறைந்து, ஒரே படிகமாக வராமல் துண்டு துண்டாகிவிடும். பாகு பதம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு படிகத்துக்கு நாள் கணக்கில் உலை எரிய வேண்டும்.

சிக்கல் செலினியத்தில் இருக்கிறது. அது 685 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் பொருள். உலை 850 டிகிரியில் இருக்கும்போது கொஞ்சம் செலினியம் ஆவியாகப் பிரிந்து நிற்கும். விளைவு, படிகம் உறையும்போது சில செலினியம் இடங்கள் காலியாகவே போய்விடும்.

பத்தாயிரம் இடங்களில் ஒன்று காலியானாலே போதும். வெளியேறிய செலினியம் ஒவ்வொன்றும் தான் பிடித்துவைத்திருக்க வேண்டிய எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுப் போகிறது. அவை நேராக பால்கனியில் போய் உட்கார்ந்து, உள்ளே ஓடத் தொடங்கும். அடைப்பாக இருக்க வேண்டிய உட்புறமே கடத்தியாகிவிடும். கோட்டைக்குள் கூட்டம் திமிறினால், மதில் மேல் நடக்கும் காவலரின் காலடி ஓசை கேட்குமா? அதே கதைதான். மேற்பரப்பு மின்னோட்டம் இருக்கிறது, ஆனால் அதைத் தனியாக அளக்க முடியவில்லை. உலகம் முழுக்க ஆய்வகங்களைத் திணறவைத்த பிரச்னை இது.

கல்பாக்கத்தில் வைத்த வலை

செஞ்சிக்கு வடகிழக்கே, கடற்கரையில் இருக்கிறது கல்பாக்கம். அணுமின் நிலையம் என்றுதான் பலருக்கும் தெரியும். அங்கே உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், பொருளறிவியல் ஆராய்ச்சியும் நடக்கிறது. ஏ.பாரதி, சி.எஸ்.சுந்தர், அவதேஷ் மணி உள்ளிட்ட விஞ்ஞானிகள் குழு, செலினியத்தின் அளவை மாற்றி மாற்றி பிஸ்மத் செலினைடு படிகங்களை ஆராய்ந்தது. முடிவுகள் 2014-ல் ஐரோப்பிய இயற்பியல் இதழான 'இ.பி.எல்'-ல் வெளியாயின.

காணாமல் போன அணுவை எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லாத ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் தேடுவது கஷ்டம். அவர்கள் பயன்படுத்தியது பாசிட்ரான். எலெக்ட்ரானின் எதிர்த்துகள் இது. எடை ஒன்றே, மின்னூட்டம் மட்டும் நேர்மாறு. பாசிட்ரானும் எலெக்ட்ரானும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து, காமா கதிர்களாக மாறிவிடும்.

படிகத்துக்குள் பாசிட்ரானை அனுப்பினால், அது அணுக்கருக்களிடமிருந்து விலகி ஓடும். இரண்டுமே நேர்மின் கொண்டவை அல்லவா! எங்கே அணு இல்லாமல் காலியிடம் இருக்கிறதோ, அங்கே போய்ப் பதுங்கும். அங்கே எலெக்ட்ரான் நடமாட்டம் குறைவு, அதனால் கொஞ்சம் கூடுதலாக உயிர்வாழும். கூடுதல் என்றால், ஒரு நொடியை லட்சம் கோடி பங்காக்கி, அதில் சில பத்துப் பங்குகள்தான். அந்த ஆயுளை அளந்தால், உள்ளே எவ்வளவு காலியிடம் என்று கணக்கிட்டுவிடலாம்.

அதோடு, படிகங்களை 4 முதல் 10 கெல்வின் வரை, அதாவது ஏறக்குறைய மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, 15 டெஸ்லா வரை காந்தப்புலம் கொடுத்தார்கள். நம் ஊரில் பூமியின் காந்தப்புலத்தைப்போல மூன்று லட்சம் மடங்குக்கும் மேல். இவ்வளவு வலுவான காந்தப்புலத்தில், நல்ல படிகத்தின் மின்தடை அலைபோல ஏறி இறங்கும். எலெக்ட்ரான்களின் குவாண்டம் குணம் வெளியே தெரியும் அடையாளம் அது.

முடிவு தெளிவாக வந்தது. இரண்டு பங்கு பிஸ்மத்துக்கு மூன்று பங்கு செலினியம் என்பது சூத்திரம். அதை 3.1 பங்காக உயர்த்தி வளர்த்த படிகத்தில் அந்த ஏற்ற இறக்கம் பளிச்சென்று தெரிந்தது. தட்டையான, இரு பரிமாண எலெக்ட்ரான் ஓட்டத்துக்கு உரிய அந்த அலை, காலியிடம் குறைவாக இருந்த படிகங்களில் மட்டுமே தெரிந்தது. காலியிடங்களைப் பாசிட்ரான் காட்டிக்கொடுத்தது, மின்தடை அதற்குச் சாட்சி சொன்னது. படிகத்தின் மின் குணத்தைக் கெடுப்பது எது என்பதை, இரண்டு வெவ்வேறு அளவீடுகளை ஒரே படிகத்தில் பொருத்திக் காட்டியதுதான் இந்த ஆய்வின் பலம்.

மற்ற நாடுகளில் வேறு வழிகளில் முயன்றார்கள். பிரின்ஸ்டனில் கால்சியத்தைச் சிறிது சேர்த்து, மிகையான எலெக்ட்ரான்களை ஈடுகட்டினார்கள். ஜப்பானில் யோய்ச்சி ஆண்டோவின் குழு, செலினியத்தோடு டெல்லூரியத்தையும் சேர்த்து அணுக்களை வரிசைப்படுத்தி, உட்புற மின்தடையை ஏற்றிக் காட்டியது. வழிகள் வேறு, நோக்கம் ஒன்றுதான். உட்புறத்தை அமைதியாக்க வேண்டும்.

நமக்கு என்ன லாபம்?

'இது போனில் எப்போது வரும்?' என்று கேட்டால், இப்போதைக்குக் கடையில் எதுவும் இல்லை. ஆனால், ஆய்வகத்தில் நடந்திருப்பவை சாதாரணமல்ல. 2013-ல் சீனாவின் ஷுவே சிகுன் குழு, இதே குடும்பப் படிகத்தின் மெல்லிய படலத்தில் குரோமியம் சேர்த்து, வெளியே காந்தப்புலமே இல்லாமல் ஓரத்தில் மட்டும் ஒரே திசையில் மின்சாரம் ஓடும் நிலையைக் காட்டியது. அதற்குத் தேவைப்பட்ட குளிர், முழுப் பூஜ்ஜிய வெப்பநிலைக்கு மிக அருகில். அந்தக் குளிர் இல்லாமலே இது நடக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய போராட்டம்.

2014-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் குழு, பிஸ்மத் செலினைடில் பாயும் மின்னோட்டம், பக்கத்தில் உள்ள காந்தப் படலத்தை வலுவாகத் திருப்புவதைக் காட்டியது. காந்தத்தைத் திருப்பித் தகவலைச் சேமிக்கும் மெமரி சிப்களுக்கு இது முக்கியம். குறைந்த மின்சாரத்தில் எழுத முடிந்தால், பேட்டரியும் மிச்சம், சூடும் குறையும்.

இவை எல்லாமே கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில், படிகம் எவ்வளவு சுத்தமாக வளர்ந்திருக்கிறது என்பதில். கொள்கையை எழுதியவர்களுக்கு நோபல் பரிசு வரை கிடைத்துவிட்டது. அந்தக் கொள்கையை உண்மையாக்கிக் காட்டுவது, உலைக்கு முன்னால் நாள் கணக்கில் காத்திருந்து, மணிக்கு இரண்டு டிகிரி குறைப்பவரின் வேலை. 10 கிராம் படிகத்துக்குக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தது 0.12 கிராம் செலினியம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அந்தச் சிட்டிகைக்குப் பின்னால் இருக்கிறது அத்தனை உழைப்பும்!